கரண்டைக்குப் பின்னால் ஒரு சத்தம்

ஸ்கேன் அறை வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்வதில்லை என்று அதில் எழுதியிருக்கும். சர்க்கரை நோயோடு அறுபது, எழுபது வயதில் வரும் அம்மாக்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். "எனக்கு இனிமே என்னத்தம்மா பாக்கப் போறிய?" ஸ்கேன் என்றால் அவர்களுக்கு வயிறுதான். மகளையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடம் இது. இப்போது தாங்களே உள்ளே வந்து கழுத்தையும் காலையும் காட்ட வேண்டும் என்றால் நம்பிக்கை வருவதில்லை.

நான் கதிரியக்க மருத்துவம் படித்தவள். திருநெல்வேலிப் பக்கம் 'ஸ்கேன் டாக்டரம்மா' என்றால்தான் தெரியும். என்னிடம் வருகிற வயதான பெண்களில் பலர் பீடி சுற்றியவர்கள். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, காலை மடக்கி, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்தே வயதானவர்கள். சர்க்கரை இங்கே புதிய செய்தி அல்ல. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் (INDIAB) ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கால்மாட்டில் மாத்திரை டப்பா இல்லாத கிழவி வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மாரடைப்பும் ரத்தக்குழாய் அடைப்பும் ஆம்பிளை வியாதி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மாதவிலக்கு நிற்கும் வரை பெண்ணுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கி, ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சர்க்கரை நோயால் இதய, ரத்தக்குழாய் நோய்க்கான வாய்ப்பு எத்தனை மடங்கு கூடுகிறது என்று 1979இல் அவர்கள் எழுதியபோது, ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அந்த மடங்கு அதிகம் என்று வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் இதை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு எரிந்தால் கார் பிடிக்கிறார்கள், அம்மாவுக்கு எரிந்தால் ஜெலுசில்.

முதலில் கழுத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் இப்போது மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் பரபரப்பாக விற்கிறது.

தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைப்போம். முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்வோம். கழுத்து எலும்பு தேய்ந்த அம்மாக்களுக்கு இதுவே பெரும்பாடு. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள், பின்பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொள்வோம். ஜெல் பட்டதும் தோளைச் சிலிர்த்துக்கொள்வார்கள். புரோபை நீளவாக்கில் வைத்தால் திரையில் கழுத்துத் தமனி ஒரு கறுப்புப் பட்டையாக விழும். அதன் அடிச்சுவரில் வெளிச்சமாக இரண்டு கோடுகள் தெரியும், இடையில் மெல்லிய இருட்டு. மேல்கோட்டின் விளிம்பிலிருந்து கீழ்க்கோட்டின் விளிம்பு வரை அளந்தால் சுவரின் உள்ளுறையும் நடுவுறையும் சேர்ந்த தடிமன் கிடைக்கும். எங்கள் பேச்சில் ஐ.எம்.டி. 1986இல் இத்தாலிய மருத்துவர் பவுலோ பிக்னோலியும் கூட்டாளிகளும், உடலிலிருந்து எடுத்த தமனித் துண்டுகளைத் திரையில் தெரியும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம் இதுதான் என்று காட்டினார்கள்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வந்தது. சர்க்கரை உள்ளவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் சராசரி 0.95 மி.மீ., இல்லாதவர்களுக்கு 0.74 மி.மீ. கூட்டமாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. தனியாக ஓர் அம்மாவைப் படுக்க வைத்து அளந்தால் அப்படித் தெரிவதில்லை. புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், சாய்வு மாறினால், இதயம் சுருங்கும் நேரத்தில் படத்தை நிறுத்தினால் எண் மாறும். இன்று 0.8, அடுத்த வாரம் வேறொருவர் எடுத்தால் 0.9. இந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள்ளேதான் நோயே இருப்பதாகச் சொல்கிறோம். 2013இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் தங்கள் வழிகாட்டுதலில் இந்தத் தடிமனை வழக்கமாக எல்லோருக்கும் அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அதைப் பிரிண்ட் போட்டு ஒட்டி வைத்த சென்டர் எதையும் நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ஏதோ ஒரு மாஸ்டர் செக்கப்பில் 0.92 என்று சிவப்பெழுத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் 'லேசான அடைப்பு' என்று கையால் எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தையால் மகன் பெங்களூரிலிருந்து விடுப்புப் போட்டு வந்திருந்தார். அம்மாவை மாடிப்படி ஏற விடவில்லை, குடம் தூக்க விடவில்லை. நான் பார்த்தபோது ஒரு சின்னக் கட்டிகூட இல்லை. சுவர் வயதுக்கேற்ற தடிமன்தான். அடைப்பு என்றால் குழாயின் வழி குறுகியிருக்க வேண்டும், சுவர் தடிப்பது அடைப்பு ஆகாது. இதை அவருக்குப் புரியவைக்க ஸ்கேன் எடுத்ததைவிட அதிக நேரம் ஆனது. அவரை மாடி ஏறச் சொல்லித்தான் அனுப்பினேன்.

கழுத்தில் நான் தேடுவது பிளேக்கைத்தான், சுவரில் படிந்து நிற்கும் மேட்டை. சுவரிலிருந்து அரை மி.மீ.யாவது உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது அந்த இடத்தில் தடிமன் ஒன்றரை மி.மீ.யைத் தாண்டியிருக்கும். தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், கொஞ்சம் புடைத்த பகுதியில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பு ஏறியது வெள்ளையாக மின்னி, தனக்குக் கீழே நிழல் விழ வைக்கும். கொழுப்பு நிறைந்தது கறுப்பாக இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலரைப் போட்டால்தான் சிவப்பு ஓட்டத்தில் ஓரிடம் கடித்தெடுத்தாற்போல் விலகி நிற்பதைக் காணலாம். நான் அதிகம் அஞ்சுவது இந்தக் கறுப்பைத்தான். பிறகு வேகம். நொடிக்கு 125 செ.மீ.க்கு மேல் ரத்தம் பாய்ந்தால் பாதி வழியாவது குறுகியிருக்கலாம் என்று கணக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் அந்த அளவுக்குப் போனவர்கள் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை உள்ள நாற்பது வயது தாண்டிய பெண்ணுக்கு, கழுத்தில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஸ்டாட்டின் மாத்திரை கொடுக்கச் சொல்லித்தான் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அப்படியானால் ஸ்கேன் எதற்கு? என்னைக் கேட்டால், மாத்திரை எழுதுவதற்காக அல்ல, விழுங்க வைப்பதற்காக. "கொழுப்பு மாத்திரையாம்ல. நான் எங்க கொழுப்பு திங்கேன்? பழைய சோறும் துவையலும்தான்" என்று சொல்லி, அதை மட்டும் டப்பாவில் ஒதுக்கி வைக்கிற அம்மாக்கள் ஏராளம். சீனிக்கு, பிரஷருக்கு மாத்திரை உண்டு, கொழுப்பு மாத்திரை மட்டும் அவமானம். மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி, "இந்தா பாருங்க, இது உங்க குழாய். இந்த மேடு தெரியுதா? இதை இப்படியே அசையாம வைக்கத்தான் அந்த மாத்திரை" என்றால் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். ஸ்வீடனின் வடக்கில் வெஸ்டர்பாட்டன் வட்டாரத்தில் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் அதிகமானவர்களை வைத்து இதையே செய்து பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தங்கள் கழுத்துத் தமனியின் படத்தை விளக்கத்தோடு அனுப்பினார்கள், மறு பாதிக்கு அனுப்பவில்லை. ஓராண்டு கழித்துப் படம் பார்த்தவர்களின் இதயநோய் அபாயக் கணக்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2019இல் லான்செட்டில் வெளிவந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மானிட்டரைத் திருப்பும் பழக்கத்தை வேலை மெனக்கெட்டது என்று கிண்டல் செய்த சக டாக்டர்களுக்கு அனுப்பினேன்.

எங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ரிப்போர்ட்டை அந்த அம்மா கையில் யாரும் கொடுப்பதில்லை. மகன் வாங்குவார், வெளியே நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்" என்பார். பாசம்தான். ஆனால் மாத்திரை விழுங்க வேண்டியதும் நடக்க வேண்டியதும் செருப்புப் போட வேண்டியதும் அம்மா. அதனால் படுக்கையில் இருக்கும்போதே, ஜெல்லைத் துடைப்பதற்கு முன், சொல்ல வேண்டியதை அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மகன்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு.

இனி கால். எனக்கு இதில்தான் பேச நிறைய இருக்கிறது.

காலுக்குப் போகும் குழாய் சுருங்கினால் பாடப்புத்தகப்படி என்ன நடக்கும்? கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகும், நின்றால் விடும், மறுபடி நடந்தால் பிடிக்கும். இதைக் கேட்டால் போதும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வயதான சர்க்கரைக்கார அம்மாவிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் வேலை செய்யாது. முதலாவது, அவர் அத்தனை தூரம் நடப்பதே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே யாருக்கும் கெண்டைக்கால் பிடிக்காது. இரண்டாவது, எந்த வலியானாலும் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: முட்டு வலி. மூன்றாவதுதான் மோசமானது. சர்க்கரை நரம்பையும் தின்றிருக்கும், வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே மரத்துப்போயிருக்கும். விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். சென்னை நகர்ப்புற ஆய்வில் காலிலும் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்குக் கால் ரத்தக்குழாய் நோய், சர்க்கரை இல்லாதவர்களில் 2.7. வலிக்கிறது என்று அவர்களே வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தால், அவர்கள் வருவது பெரும்பாலும் சர்ஜனிடம்.

காலைப் பார்ப்பதற்கு முதல் தடை மரியாதை. புடவையை முட்டு வரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் காலைத் தொட்டதும், "ஐயோ எம்மா, என் காலைப் போயி தொடுதியளே" என்று சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் கையைப் பிடித்துத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டவரும் உண்டு. மெட்டியைக் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கியிருக்கும். மஞ்சள் ஏறிய பாதம், வெடித்த குதிகால், இடையில் ஏதோ ஒரு சின்னக் கொப்புளம், "அது செருப்புக் கடிச்சது". காலில் ரோமம் இல்லாமல் தோல் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வயதான பெண்ணின் காலில் ரோமத்தை யார் கவனிக்கிறார்கள்?

பெரிய இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் நான் எடுப்பது பேனா அளவு டாப்ளர். படம் காட்டாது, சத்தம் மட்டும்தான். கரண்டை எலும்புக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு தமனி ஓடுகிறது, பாதத்தின் மேல் இன்னொன்று. ஜெல்லை வைத்துச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டும். நல்ல குழாய் என்றால் 'விஷ்க்' என்று அடித்து, உடனே சின்னதாகப் பின்வாங்கி, மறுபடி மெல்ல ஒருமுறை. மூன்று கட்டம். மேலே அடைப்பு இருந்தால் அந்தப் பின்வாங்கல் போய்விடும். 'ஹூ... ஹூ...' என்று ஒரே இழுவையாக, காற்று போவது போலக் கேட்கும். காது பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது, கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கப் போட்ட கணக்கு. அதை வைத்து மேலப்பாளையத்து அம்மா கரண்டையில் ரத்தம் ஓடுகிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு பிரஷர் பட்டை. கையில் கட்டி அளப்பது போலவே கரண்டைக்கு மேல் கட்டி ஏற்றுவோம், சத்தம் நிற்கும். மெல்ல இறக்கினால் எந்த எண்ணில் சத்தம் திரும்புகிறதோ அதுதான் கரண்டையின் அழுத்தம். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் ஏ.பி.ஐ. ஒன்றும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது, 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் குழாய் நோய். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் துணிக்கு மேலேயே பட்டையைக் கட்டிவிடுகிற அவசரம் சில இடங்களில் உண்டு. கை அளவு தப்பினால் கணக்கே தப்பு. அதனால் எங்கள் அறையில் ஒரு பழைய நைட்டி எப்போதும் தொங்கும்.

பீடி சுற்றுகிற அம்மா ஒருவர். அறுபத்தைந்துக்குள் இருக்கும். முட்டு வலி என்று எலும்பு டாக்டரிடம் போனவர். காலில் நாடி கிடைக்கவில்லை என்று அவர் நல்லவேளையாக இங்கே அனுப்பிவிட்டார். கையில் 148. இடது கரண்டையில் 118. வலது கரண்டையில் பின்பக்கத் தமனியில் அந்த இழுவைச் சத்தம், 92இல்தான் திரும்பியது. 0.62. பெரிய இயந்திரத்தில் பார்த்தபோது தொடையில் குழாய் ஓரளவு நன்றாகவே இருந்தது. முட்டுக்குக் கீழேதான் கோளாறு. சர்க்கரைக்காரர்களுக்கு நோய் பெரும்பாலும் அங்கேதான் குடியேறும், முழங்காலுக்கும் கரண்டைக்கும் இடையே உள்ள சின்னக் குழாய்களில். பெண்களுக்கு அவை இன்னும் சின்னவை. கலரில் நூல் நூலாக, அங்கங்கே அறுந்து தெரிந்தது.

நேர்மாறான ஏமாற்று ஒன்று உண்டு. சிலருக்கு ஏ.பி.ஐ. 1.5 வரும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. பட்டையை 250 வரை ஏற்றினாலும் சத்தம் நிற்காது, மூங்கிலைத் துணியால் சுற்றி இறுக்குவது மாதிரி. குழாயின் நடுச்சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். 1903இல் மொங்கபெர்க் என்ற ஜெர்மன் நோயியலாளர் விவரித்தார், இன்னும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களிடமும் சிறுநீரகம் கெட்டவர்களிடமும் சாதாரணமாகப் பார்க்கலாம். 1.4க்கு மேல் வந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கால் பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அளக்க வேண்டும், விரல் குழாய்கள் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புக்குத் தப்பிவிடும். ஏ.பி.ஐ. நார்மல் என்று எழுதிக் கொடுத்த சில மாதங்களில் விரல் போன கதைகளில் பாதி இந்த இடத்தில் தவறவிட்டவைதான் என்பது என் அனுமானம்.

முகாம்களுக்குக் கூப்பிடுவார்கள். ஸ்கேன் இயந்திரத்தைப் பதிவு செய்த இடத்திலிருந்து நினைத்தபடி வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாது. பெண் கருக்கொலையைத் தடுக்க வந்த சட்டம் அது. சட்டத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முகாமுக்குக் கழுத்து ஸ்கேன் தேவையும் இல்லை. பேனா டாப்ளரும், பிரஷர் பட்டையும், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழையும் இருந்தால் ஒரு ஊர்க் கால்களைப் பார்த்துவிடலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் பெண், செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு வரும் கேஸ்கள் இத்தனை முற்றி வராது. கழுத்து பேக்கேஜுக்குச் செலவழிக்கும் காசு அங்கே போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பீடி அம்மாவுக்கு ஆஞ்சியோ தேவைப்படவில்லை. புண் இல்லை, படுத்திருக்கும்போது வலி இல்லை. மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு, நடை. நடை என்றால் சும்மா உலாத்துவது அல்ல. பிடிக்கும் வரை நடக்க வேண்டும், நின்று வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும், அரைமணிக்குக் குறையாமல், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம். அவர் சிரித்தார். "சோலி இல்லாம ரோட்டுல நடந்தா ஊரு என்ன பேசும்?" பெண்கள் ஒரு வேலைக்காகத்தான் தெருவில் இறங்குவார்கள், குடத்தோடு, பையோடு. வெறுங்கையோடு நடக்க ஒரு காரணம் வேண்டும். "அப்ப நெல்லையப்பர் கோயில்ல பிரகாரம் சுத்துதேன்" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் உள்ளே வெறுங்கால். மரத்த காலோடு கல்தரையில் நடந்து ஒரு முள்ளோ கண்ணாடிச் சில்லோ ஏறினால் தெரியவே தெரியாது. கடைசியில் உடன்பாடு இப்படி வந்தது: சாமியை ஒருமுறை உள்ளே போய்க் கும்பிடுவது, பிறகு வெளியே நான்கு ரத வீதியும் செருப்போடு, வெயில் ஏறும் முன். கேட்பவர்களுக்குக் கோயிலுக்குப் போனதாகவே சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து வந்தார். கையில் 146, வலது கரண்டையில் 94. ஏ.பி.ஐ. 0.64. நடையால் இந்த எண் பெரிதாக ஏறுவதில்லை என்பது தெரிந்ததுதான். ரிப்போர்ட்டில் அதை எழுதிவிட்டு அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: முன்பு மேல ரத வீதி முனையில் நிற்பார், இப்போது நிற்காமல் சுற்று முழுதும் நடக்கிறார். அனுப்பிய எலும்பு டாக்டர் போனில் கூப்பிட்டு, இதெல்லாம் ரிப்போர்ட்டில் வருமா மேடம் என்று கேட்டார். வரும் என்றேன்.